இடுப்புக்குப் போன கை

பயிற்சியில் மூன்றாவது தடவையும் தோற்றால் சுடலைமணி தவளமேடு போலீஸ் ஸ்டேஷனை விட்டுப் போயாக வேண்டும். விதி அப்படி. ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்த அந்தக் காவலரைத் தூக்கி, மாவட்டத்தின் இன்னொரு மூலையில் ஏதாவது ஓர் அணைக்கட்டுக்குக் காவல் நிற்கப் போட்டுவிடுவார்கள். அவர் மனைவி செல்லக்கனிக்குச் சர்க்கரை வியாதியில் கண் போய்விட்டது. நேரத்துக்கு அவளுக்கு ஊசி போட்டு, சோறு எடுத்து வைக்க அவரை விட்டால் ஆள் கிடையாது. ஸ்டேஷனுக்குப் பின்னாலேயே போலீஸ் குடியிருப்பு இருந்ததால் சமாளித்துக்கொண்டிருந்தார். இதெல்லாம் எஸ்.ஐ. மரியபுஷ்பத்துக்குத் தெரியும். அதனால்தான் அவரை எப்படியாவது தேற வைத்துவிட வேண்டும் என்று அவள் கங்கணம் கட்டிக்கொண்டாள். நல்ல மனசோடு செய்த காரியம்தான் அது.

தவளமேடு உப்பளத்து ஊர். ஒரு எஸ்.ஐ., ஒரு ஏட்டு, ஏழெட்டுக் காவலர்கள், ஒரு ஜீப். அவ்வளவுதான் ஸ்டேஷன். ஊரில் நடக்கிற குற்றங்களும் அதற்குத் தகுந்த மாதிரிதான் இருக்கும். குடித்துவிட்டு அண்ணனும் தம்பியும் கட்டிப் புரளுவார்கள். உப்பு லாரி யாருடைய ஆட்டின் மேலாவது ஏறிவிடும். ஆனாலும் பெருநகரத்துப் போலீசுக்கு என்ன பயிற்சியோ அதேதான் தவளமேட்டுக்கும். பயிற்சி ஒரு தடவையோடு முடிந்துவிடாது. வேலையில் சேர்ந்த நாள் தொட்டு ஓய்வு பெறும் நாள் வரை மாதந்தோறும் உட்கார்ந்தாக வேண்டும்.

பறிமுதல் செய்த சைக்கிள்களைப் போட்டு வைத்திருந்த பின்னறையைக் காலி செய்து, அதில் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். கண்ணில் ஒரு கண்ணாடி, வலது மணிக்கட்டில் ஒரு பட்டை. கண்ணாடியை மாட்டிய உடனே எதிரே ஒரு தெரு வந்துவிடும். தெருவில் ஒரு ஆள் வருவான். பேசுவான், கத்துவான், சில சமயம் அழக்கூடச் செய்வான். எந்த இடத்தில் அவனை அடக்க வேண்டுமோ அந்த இடத்தில் பட்டை நரம்பைச் சுண்டும். கை தானாக எழும்பும். லத்தியால் அவன் மணிக்கட்டில் ஒரு அடி, மார்பில் ஒரு தள்ளு. மாதக்கணக்கில் இப்படிச் செய்துவந்தால் அப்புறம் பட்டையே தேவைப்படாது, கை கற்றுக்கொண்டுவிடும். யோசிக்க நேரமில்லாத இடத்தில் யோசனைக்கே வேலையில்லாமல் செய்துவிடுவதுதான் இதன் சூட்சுமம் என்று விளக்கக் கூட்டத்தில் சொன்னார்கள்.

ஒரே வருடத்தில் நாலைந்து இளம் காவலர்களைக் கத்திக்குப் பறிகொடுத்த பிறகுதான் அரசாங்கம் இதைக் கொண்டுவந்தது. அந்தப் பிள்ளைகளின் தாய்மார் தொலைக்காட்சியில் தலையில் அடித்துக்கொண்டு அழுததை மரியபுஷ்பமும் பார்த்தவள்தான். அதனால் அவள் பயிற்சியைக் குறை சொன்னதில்லை. அவளே மாவட்டத்தில் முதல் வரிசை மதிப்பெண் வாங்குகிறவள்.

இரண்டாவது தோல்விக்குப் பிறகு சுடலைமணியைக் கூப்பிட்டு எதிரே உட்கார வைத்தாள்.

"என்ன அண்ணே, எல்லாம் சரியாத்தான் பண்ணுதீக. கடைசில மட்டும் ஏன் அப்படியே நின்னுருதீக?"

அவர் தொப்பியை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார். "அவன் கைய இடுப்புக்குக் கொண்டு போறான் மேடம். பட்டை சுண்டுது. எனக்குத்தான் அடிக்கத் தோண மாட்டேங்கு."

"ஏன் தோண மாட்டேங்கு?"

"சாரத்த எறக்கி விடப்போறாம்னு நெனச்சிருதேன்."

மரியபுஷ்பம் சிரித்துவிட்டாள். லுங்கியைச் சாரம் என்று சொல்லும் ஊர்கள் அவை. ஆண்கள் சாரத்தை முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டிக்கொண்டுதான் வேலை செய்வார்கள், நடப்பார்கள், வம்பளப்பார்கள். பெரியவர்கள் யாராவது எதிரே வந்துவிட்டால் கை தன்னால் இடுப்புக்குப் போகும், மடிப்பை அவிழ்த்துக் கணுக்கால் வரை இறக்கி விடும். வாத்தியாருக்கு, சாமியாருக்கு, போலீசுக்கு, இழவு வீட்டுக்கு என்று எல்லாவற்றுக்கும் அந்த ஒரே மரியாதைதான். யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. மரியபுஷ்பத்தின் அப்பா, மகள் எஸ்.ஐ. உடுப்பில் முதன்முதலாக வீட்டுக்குள் நுழைந்தபோது, தன்னை மறந்து சாரத்தை இறக்கி விட்டவர். அதைச் சொல்லிச் சொல்லி வீட்டில் பல நாள் சிரித்திருக்கிறார்கள்.

"கண்ணாடிக்குள்ள வாரவன் மரியாத குடுக்க மாட்டான் அண்ணே. கத்தியத்தான் எடுப்பான். எல்லாத் தடவையும் எடுத்தான்லா?"

"எடுத்தான் மேடம்."

"பெறகென்ன?"

"வெளிய ஒருத்தனும் எடுத்ததில்லையே. இத்தன வருசத்துல."

அந்தப் பதில் அவள் மனதில் ஒரு கணம் நெருடத்தான் செய்தது. நெருடியதோடு சரி. ஸ்டேஷன் மதிப்பெண் பட்டியலை டி.எஸ்.பி. ஆபீசிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். மறுநாளிலிருந்து மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சுடலைமணியை அந்த நாற்காலியில் அவளே உட்கார வைத்தாள். பட்டையின் விசையைக் கூட்டுவதற்கு ஒரு திருகு இருந்தது. பொறுப்பு அதிகாரி தேவைப்பட்டால் கூட்டிக்கொள்ளலாம் என்று விதியும் இருந்தது. அவள் கூட்டினாள். போதவில்லை என்று கண்டு இன்னும் கொஞ்சம் கூட்டினாள்.

சுடலைமணி தேறிவிட்டார். சுமாராக இல்லை, மாவட்டமே திரும்பிப் பார்க்கும்படி தேறினார். செல்லக்கனி தடவித் தடவிச் சுட்ட பணியாரத்தை ஒரு தூக்குச்சட்டி நிறையக் கொடுத்துவிட்டாள். ஸ்டேஷனில் எல்லோரும் தின்றார்கள்.

அதற்கு நாலைந்து நாள் கழித்து அவர் மரியபுஷ்பத்தின் மேசைக்கு வந்து தயங்கி நின்றார்.

"வீட்ல ஒரு காரியம் நடந்துபோச்சு மேடம். செல்லக்கனி இடுப்புல செருகியிருந்த சாவிக்கொத்த எடுத்தா. எனக்குக் கை தன்னால ஓங்கிட்டு."

"அடிச்சிட்டீகளா?"

"இல்ல இல்ல. எறக்கிட்டேன். அவளுக்குத் தெரியாது, கண்ணு தெரியாதுல்லா."

"எறக்கிட்டீகள்ல, அப்பம் சரி. புதுசுல எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும். போகப் போகச் சரியாயிரும்."

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். அவள் குனிந்து விட்ட வேலையைத் தொடர்ந்தாள். அப்போதாவது அந்தத் திருகை இறக்கி வைத்திருக்கலாம், அல்லது அந்த மனிதரை ஒரு மாதம் ரோட்டுக்கு அனுப்பாமலாவது இருந்திருக்கலாம். இரண்டும் அவளுக்குத் தோன்றவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் உப்பளத்து முக்கு டீக்கடையிலிருந்து போன் வந்தது. உப்பு லாரி ஒன்று மாசானத்தின் சைக்கிளை நசுக்கிவிட்டது, அவன் டிரைவரைக் கீழே இறங்கச் சொல்லிக் கத்திக்கொண்டிருக்கிறான், கூட்டம் கூடிவிட்டது என்றார்கள். மாசானம் அளத்தில் உப்பு வாருகிற ஆள். வாய் பெரிசு, மற்றபடி ஈ எறும்புக்குத் தீங்கு நினைக்காதவன் என்பது ஊருக்கே தெரியும். ஜீப் நின்று மரியபுஷ்பம் இறங்குவதற்குள் சுடலைமணி முன்னால் போய்விட்டார்.

மாசானம் காக்கி உடுப்பைப் பார்த்தான். கத்திக்கொண்டிருந்த வாய் அப்படியே அடங்கியது. முகத்தில் ஒரு அசட்டுச் சிரிப்பு வந்தது. கை இடுப்புக்குப் போனது.

மணிக்கட்டில் ஒரு அடி. மார்பில் ஒரு தள்ளு.

அவ்வளவு சுத்தமாக அந்த அடியை மரியபுஷ்பம் வெளியே யாரும் அடித்துப் பார்த்ததில்லை. மாசானம் பின்னால் சாய்ந்தான். டீக்கடைக்கு எதிரே ஒரு சின்னப் பாலமும் அதற்கு ஒரு கல் கைப்பிடிச் சுவரும் உண்டு. அவன் தலை அதன் விளிம்பில் மோதிய சத்தம் ஜீப் வரை கேட்டது. சாரத்தின் ஒரு பக்கம் கணுக்கால் வரை இறங்கியிருந்தது. மறுபக்கம் மடித்தபடியே இருந்தது.

சுடலைமணி லத்தியைப் பிடித்திருந்த தன் கையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் நிற்கிற வேறு யாருடைய கையையோ பார்ப்பது மாதிரி இருந்தது அவர் பார்வை.

சாயங்காலம் ஆஸ்பத்திரியில் மாசானம் இறந்துபோனான். அவன் பெண்டாட்டி ஆவுடைத்தாய் வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். அழுது ஓய்ந்திருந்தாள். மரியபுஷ்பத்தைக் கண்டதும் எழுந்து நின்றாள்.

"ஒரு சங்கதி மட்டும் கேக்கணும் தாயி," என்றாள் ஆவுடைத்தாய். "அவரு மரியாதைதான குடுத்தாரு. அத அந்தப் போலீஸ்காரரு பாக்கலியா?"

"பாத்தாரும்மா."

"பாத்துமா அடிச்சாரு?"

பார்த்ததால்தான் அடித்தார் என்று ஒரு பெண்ணிடம் எப்படிச் சொல்வது? மரியபுஷ்பம் ஜீப்புக்குள் வந்து உட்கார்ந்து, டிரைவர் பார்க்காதபடி முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள்.

டி.எஸ்.பி. போனில் அதிகம் பேசவில்லை. "நீதான கண்ணால பாத்த சாட்சி. வழக்கமா எழுதுற மாதிரி எழுதி அனுப்பு. மத்ததை நான் பாத்துக்கிடுதேன்," என்று சொல்லி வைத்துவிட்டார். வழக்கமாக எழுதுவது என்ன என்று அவளுக்கு மனப்பாடமாகத் தெரியும். போலீஸ் பாஷையில் மாட்டிக்கொண்டவன் எப்போதும் 'எதிரி'தான். 'எதிரி திடீரெனத் தன் இடுப்பில் மறைத்து வைத்திருந்த ஆயுதத்தை எடுக்க முயன்றபடியால், தற்காப்பின் பொருட்டுக் குறைந்தபட்ச பலம் பிரயோகிக்கப்பட்டது.' வேலைக்குச் சேர்ந்த முதல் ஸ்டேஷனில் அங்கே எழுத்து வேலை பார்த்த ரைட்டர் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த வாசகம். விசாரணையில் எவனுக்காவது கை ஒடிந்தாலும் அதுதான், பல் போனாலும் அதுதான்.

இரண்டு நாள் கழித்துச் சென்னையிலிருந்து நிவேதன் வந்தான். பயிற்சிக் கருவியைப் பராமரிக்கிற இளைஞன். இப்படிச் சம்பவம் நடந்த இடத்துக்கெல்லாம் போய்ப் பட்டையைச் சோதித்துப் பார்ப்பது அவன் வேலை. பின்னறையில் உட்கார்ந்து மடிக்கணினியைத் தட்டிக்கொண்டே இருந்தான். மரியபுஷ்பம் வாசலில் நின்றாள்.

"கருவியில கோளாறு ஒண்ணும் இல்ல மேடம். ரொம்ப நல்லா வேலை செஞ்சிருக்கு."

"தம்பி, ஒண்ணு கேக்கேன். கண்ணாடிக்குள்ள வாரானே, அவன் யாரு? எங்க இருந்து வாரான்?"

"அவனா? நீங்க குடுத்த ஆள்தான் மேடம்."

"நானா?"

"நீங்கன்னா உங்க டிபார்ட்மெண்ட். முப்பது வருஷத்து ரிப்போர்ட் அத்தனையும் உள்ள போட்டிருக்கோம். மாநிலம் முழுக்க, ஒரு ஸ்டேஷன் விடாம. அதைப் படிச்சுப் படிச்சுத்தான் அந்த ஆளை கருவியே உருவாக்குது. ரிப்போர்ட்ல எப்படி நடந்துக்கிறானோ அப்படித்தான் நடந்துக்குவான். நாங்க எதையும் கற்பனை பண்றதில்ல."

"ரிப்போர்ட்ல எல்லாம் இடுப்புக்குத்தான் கை போகுதா?"

"முக்கால்வாசி அதுதான் மேடம். கிட்டத்தட்ட ஒரே வாசகம். முதல்ல பார்த்தப்போ எங்களுக்கே ஆச்சரியம். இந்த மாநிலத்துல குற்றவாளிங்க எல்லாரும் ஒரே இடத்துலதான் ஆயுதம் வைக்கிறாங்கன்னு ஒரு கட்டுரையே எழுதினோம்."

மரியபுஷ்பம் கதவின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஒவ்வொரு ரைட்டரும் தன் ஆட்களைக் காப்பாற்ற எழுதிய வரி. எழுதியவனுக்குத் தெரியும், கையெழுத்துப் போட்டவனுக்குத் தெரியும், படித்த மேலதிகாரிக்கும் தெரியும். ஊர் உலகமெல்லாம் சிரித்துவிட்டுத் தாண்டிப்போன வரி. அதை உண்மை என்று நம்புவதற்கு ஒரே ஒரு ஜீவன்தான் மிச்சமிருந்தது, இந்தக் கருவி. அது நம்பிவிட்டது. நம்பியதோடு நிற்காமல் அவர்கள் கைக்கே சொல்லியும் கொடுத்துவிட்டது.

"அது பொய் தம்பி," என்றாள்.

"எது மேடம்?"

"அந்த வாசகம். நான் எழுதுனதுல ஒண்ணுல கூட ஒருத்தனும் இடுப்புக்குக் கைய கொண்டு போகல. போன ஒரே ஆளு மாசானம். அவரு சாரத்த எறக்கத்தான் போனாரு."

நிவேதன் தட்டுவதை நிறுத்தினான். நல்ல பையன். அவன் முகம் வெளிறிவிட்டது.

"இதை நான் யார்கிட்ட மேடம் போய்ச் சொல்றது? எது பொய், எது நிஜம்னு பிரிக்கக் கருவிக்குத் தெரியாது. ரிப்போர்ட்டுன்னா ரிப்போர்ட்." பிறகு, "இந்தச் சம்பவத்துக்கு நீங்க என்ன எழுதுறீங்களோ அதுவும் அடுத்த மாசம் உள்ள போகும். அது மட்டும்தான் உங்க கையில இருக்கு," என்றான்.

அன்று மத்தியானம் அவள் சுடலைமணியின் வீட்டுக்குப் போனாள். அவரைப் பணியிலிருந்து நிறுத்தி வைத்திருந்தார்கள். செல்லக்கனி உள்ளே கட்டிலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். சுடலைமணி வலது கையை ஒரு துண்டால் சுற்றிக் கட்டி வைத்திருந்தார். அடி ஒன்றும் படவில்லை. சும்மா கட்டி வைத்திருந்தார்.

மரியபுஷ்பம் நிவேதன் சொன்னதையெல்லாம் சொன்னாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அப்பம் நீங்க உள்ளதத்தான் எழுதப் போறீக," என்றார் கடைசியில்.

"உங்ககிட்ட கேட்டுட்டு எழுதலாம்னு வந்தேன் அண்ணே."

"நான் தியாகி கெடையாது மேடம். செல்லக்கனிய விட்டுட்டு என்னால செயிலுக்குப் போக முடியாது. வழக்கமா எழுதுறத எழுதிருங்க. ஊரே அதத்தான் எழுதுது. எனக்கு மட்டும் ஏன் மாத்தணும்?"

அவளால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவர் கேட்டதில் தப்பே இல்லை. அதுதான் அவளை வதைத்தது.

"மாசானத்த எனக்குச் சின்னதுலருந்தே தெரியும்," என்றார் அவர் மறுபடியும். "நான் அடிக்கல மேடம். நான் பாத்துக்கிட்டுதான் இருந்தேன். கை அடிச்சிட்டு."

உள்ளேயிருந்து செல்லக்கனி, "வந்தவுகளுக்கு ஒரு வாய் தண்ணி குடுத்தீகளா?" என்று கேட்டாள்.

மரியபுஷ்பம் தண்ணீர் குடித்துவிட்டு ஸ்டேஷனுக்கு வந்தாள். உள்ளதை உள்ளபடி எழுதினாள். மாசானம் மரியாதைக்காகச் சாரத்தை இறக்கப் போனான் என்று எழுதினாள். சுடலைமணி பயிற்சியில் தயங்கியதையும், அவர் தயங்கியது சரி என்பதையும், பட்டையின் திருகைத் தானே கூட்டியதையும் எழுதினாள். இதற்கு முன் தான் எழுதியவை பொய் என்பதையும் சேர்த்தே எழுதினாள். இனி மற்றவர்கள் கையாவது தப்பட்டும் என்று நினைத்தாள். ஒரு மனிதரின் வாழ்க்கையை எடுத்து அதற்கு விலையாக வைக்கிறோம் என்பதும் தெரிந்தே இருந்தது. அதற்குத் தனக்கு என்ன உரிமை என்று கேட்டுப் பார்த்தாள். ஒன்றும் இல்லை என்றுதான் பதில் வந்தது. இருந்தும் அனுப்பிவிட்டாள்.

சுடலைமணியைக் கைது செய்து கொண்டுபோனபோது அவர் அவள் பக்கம் திரும்பவே இல்லை. டி.எஸ்.பி. அவளுக்கு ஒரு மெமோ கொடுத்து, விசாரணை முடியும் வரை எஸ்.ஐ. வேலையிலேயே இருக்க விட்டார். தவளமேட்டுக்கு வர வேறு யாரும் சம்மதிக்கவில்லை. ஸ்டேஷனில் அவளோடு சேர்ந்து டீ குடிப்பதை எல்லோரும் நிறுத்திவிட்டார்கள். ஊசி போட்டுவிடுகிறேன் என்று அவள் செல்லக்கனியின் வீட்டு வாசலில் போய் நின்றாள். "வேற ஆளப் பாத்துக்கிட்டேன்," என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. கதவு திறக்கவில்லை.

அடுத்த மாதம் நிவேதனிடமிருந்து போன் வந்தது.

"மன்னிச்சிருங்க மேடம். உங்க ரிப்போர்ட்டை அது எடுத்துக்கல."

"ஏன்?"

"பொருந்தாத பதிவுன்னு ஒதுக்கிடுச்சு. லட்சக்கணக்கான ரிப்போர்ட் ஒரு மாதிரி இருக்கும்போது ஒண்ணு மட்டும் வேற மாதிரி இருந்தா, தப்பா எழுதியிருக்காங்கன்னு முடிவு பண்ணிக்கும். ரெண்டு தடவை கையால உள்ள போட்டுப் பார்த்தேன். ரெண்டு தடவையும் வெளிய தள்ளிடுச்சு. எங்க மேலிடத்துல என்னைக் கூப்பிட்டுக் கேட்டாங்க. இனிமே நான் தவளமேட்டுக்கு வரமாட்டேன்னு நினைக்கிறேன்."

அவள் போனை வைத்தாள். சுடலைமணி ஜெயிலுக்குப் போனது இனி எதற்கும் உதவப்போவதில்லை.

பயிற்சி நிற்கவில்லை. மாதம் பிறந்தால் பின்னறைக் கதவு திறக்கும், ஒவ்வொருவராகப் போய் வருவார்கள். அவள் முறை வரும்போது கண்ணாடிக்குள் கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்து பார்த்தாள். பட்டை கண்ணைக் கேட்பதில்லை. கை அது பாட்டுக்கு எழுந்து, அடித்து, தள்ளியது. மதிப்பெண் எப்போதும் போல முதல் வரிசையில் வந்தது. பயிற்சியை நிறுத்தச் சொல்லி மேலே எழுதிப் பார்த்தாள். பதில் இல்லை. நேரில் போய்க் கேட்டாள். "உன் மேல விசாரணை முடியட்டும்மா," என்றார்கள்.

ஆனால் ஊரில் ஒரு விசேஷம் நடந்தது. அதன்பிறகு தவளமேட்டில் யாரும் போலீசிடம் அடிபடவில்லை. தவளமேட்டில் மட்டுமல்ல, பக்கத்து ஊர்களிலும், பிறகு மாவட்டத்திலும் சம்பவங்கள் குறைந்துகொண்டே வந்து, ஒரு கட்டத்தில் அறவே நின்றுவிட்டன. டி.எஸ்.பி. போனில் சந்தோஷமாகப் பேசினார். "பாத்தியாம்மா? நீ அன்னைக்கு அவ்வளவு எழுதுன. இப்பம் பயிற்சி எப்படி வேலை செய்யுது பாரு. ஒரு கேஸ் கூட இல்ல. மத்த மாநிலத்துலருந்து நம்மளப் பாக்க வாராங்க."

மரியபுஷ்பத்துக்கு விளங்கவில்லை. தன்னுடைய கை மாறவில்லை என்பது அவளுக்கு நிச்சயமாகத் தெரியும். மற்றவர்களுடையதும் மாறியிருக்க நியாயமில்லை. அப்படியானால் என்னதான் மாறியது?

ஒருநாள் காலை அவள் தனியாக உப்பளத்து முக்குப் பக்கம் நடந்து போனாள். அளத்துக்குப் போகிற ஆட்கள் டீக்கடையில் நின்றிருந்தார்கள். அவளைப் பார்த்ததும் பேச்சு நின்றது. யாரும் சாரத்தை இறக்கி விடவில்லை. மடித்துக் கட்டியபடியே நின்றார்கள். மாசானம் போன கோபம் இன்னும் ஆறவில்லை, அதனால்தான் மரியாதை தரவில்லை, நமக்கு இது வேண்டியதுதான் என்று முதலில் நினைத்தாள். அப்புறம்தான் அவர்கள் கைகளைக் கவனித்தாள். எல்லோருடைய கையும் உடம்பை விட்டு விலகி, இரண்டு பக்கமும் விரிந்து, உள்ளங்கை தெரியும்படி நின்றது. டீ கிளாஸ் வைத்திருந்தவனும் கிளாஸோடு கையை விலக்கித்தான் வைத்திருந்தான்.

டீக்கடைக்காரி முத்துக்கிளியிடம் கேட்டாள்.

"என்னக்கா இது, எல்லாரும் ஏன் இப்படி நிக்காவ?"

முத்துக்கிளி அடுப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஆவுடைத்தாய் வீடு வீடாப் போயிச் சொல்லிட்டா. போலீஸக் கண்டா ஆம்பளையாளு எவனும் இடுப்புக்குக் கைய கொண்டு போகப்பிடாதுன்னு. சனிக்கிழம சந்தைக்கு வாரவங்க கிட்டயும் சொல்லுதா. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் கூடச் சாயங்காலம் நிக்க வச்சுப் பழக்கி விடுதாவ."

பயிற்சி நடந்திருக்கிறது, நன்றாகவே நடந்திருக்கிறது. போலீசுக்கு அல்ல, ஊருக்கு.

கும்பலில் கடைசியாக ஒரு கிழவர் நின்றிருந்தார். உப்புத் தண்ணீரில் வெந்து வெளுத்த கால்கள். கடல் பக்கமிருந்து காற்று பலமாக அடித்துக்கொண்டிருந்தது. அவர் சாரத்தின் முடிச்சு தளர்ந்து நழுவியது. அவர் அதைப் பிடிக்கவில்லை. கையைக் கீழே கொண்டுபோகவே இல்லை. சாரம் காலடியில் விழுந்தது. அத்தனை பேர் நடுவில் வெறும் டவுசரோடு, இரண்டு கைகளையும் அகல விரித்தபடி, அவளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எடுத்துக் கட்டிக்கிடட்டுமா தாயி?" என்று கேட்டார்.

கட்டிக்கிடுங்கய்யா என்று சொல்லத்தான் அவள் வாயெடுத்தாள். குனிந்து எடுத்து, இடுப்பில் சுற்றி, முடிச்சுப் போடுவார். அவர் கை அங்கேதான் போகும். அதை நினைத்தபோதே அவள் வலது கை கனத்தது. பார்த்தாள். லத்தி கையில் இருந்தது. எப்போது எடுத்தாள் என்று அவளுக்குத் தெரியவில்லை.

"கொஞ்சம் பொறுங்கய்யா," என்றாள். லத்தியை நெஞ்சோடு சேர்த்து இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவருக்கு முதுகைக் காட்டி, கடலைப் பார்க்கத் திரும்பி நின்றாள். கண்ணையும் மூடிக்கொண்டாள்.

"இப்பம் கட்டிக்கிடுங்க."

பொம்பளை அல்லவா, வெட்கப்பட்டுத் திரும்பிக்கொண்டாள் என்று சுற்றி நின்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.